நான்காம் குழியில் எட்டு அடி

நீங்கள் இருவரும் சின்ன வயதில் என் வாயால் பலமுறை கேட்ட கதை ஒன்று உண்டு. களஞ்சியத்தில் எனக்கு வரவேண்டிய நிரந்தர வேலை ஏன் வேறு ஆளுக்குப் போனது என்ற கதை. "வெள்ளையள் தங்கடை ஆளுக்குத்தான் குடுப்பாங்கள். நாங்கள் எவ்வளவு முறிஞ்சாலும் கடைசியிலை இதுதான்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். கலியாண வீடுகளில் சொன்னேன். கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோதும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும், "ஓம் அண்ணை, உது எல்லா இடத்திலையும் உள்ளதுதானே" என்று தலையாட்டினார்கள்.

மற்ற இடங்களில் அப்படி நடந்திருக்கலாம். நடந்தும் இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் அது பொய்.

உண்மையாக நடந்தது ஒரு சனிக்கிழமை, ஒரு கோல்ஃப் திடலில். அன்று என்னோடு நின்றவள் உங்கள் அக்கா. இதை எழுதலாமா என்று அவளிடம்தான் முதலில் கேட்டேன். "எழுதுங்கோ அப்பா. ஆனா என்ரை பேரைப் போடாதேங்கோ. ஒருதற்றை பேரையும் போடாதேங்கோ" என்றாள். அதனால்தான் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

அப்போது நாங்கள் நோர்வேயில், அம்மருட்டில் ஒரு அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தோம். அக்காவுக்குப் பத்து வயது. தம்பி, உனக்கு நான்கு. சின்னவள் பிறக்கவில்லை. நான் மருத்துவமனைகளுக்குச் சாமான் அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வீக்காராக இருந்தேன். வீக்கார் என்றால் யாராவது வராத நாளில் கூப்பிடப்படும் ஆள். நான்கு வருடமாக என்னைக் கூப்பிடாத நாட்கள் குறைவு. என்றாலும் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்வரை அன்றைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. உங்கள் அம்மா தேநீரைப் போட்டு வைத்துவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பேன். அடிக்காவிட்டால் சப்பாத்தைக் கழற்றுவேன். அதை அக்கா ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.

அந்த வசந்தத்தில் அங்கே ஒரு நிரந்தர வேலை வந்தது. றாக்கைகளில் இருக்கும் கையுறை, ஊசி, குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொரு கிழமையும் எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை. பாரம் தூக்கத் தேவையில்லை. காலை ஆறு மணிக்குத் தொலைபேசிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் எங்கள் பொறுப்பாளர்.

அவர் அறுபதை நெருங்கிய நெட்டை மனிதர். ஒரு முழங்கால் சரியில்லை. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் அவரை "ஷெஃப்" என்பேன். "எனக்கும் பெயர் இருக்கிறது" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு வாய் வரவில்லை. நோர்வேக்காரர் பெரியவர் சின்னவர் எல்லோரையும் ஒரே "நீ"யால்தான் பேசுவார்கள். அவரைப் பெயர் சொல்லி, நீ என்று பேசிய நாட்களில் எல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு கன்னத்தில் போட்டுக்கொள்ளவேண்டும் போல இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார்.

"சனிக்கிழமை என்ன செய்கிறாய்?"

"வேலையா ஷெஃப்? வருகிறேன்."

"வேலை இல்லை. கோல்ஃப்."

பக்கத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் பெண்மணி இருந்தார். நாற்பது வயதிருக்கும். பெரிய சிரிப்பு. "பயப்படாதே" என்றார் என்னிடம். "இவர் தோற்றுத் தோற்றுக் களைத்துவிட்டார். தோற்பதற்குப் புதிய ஆள் ஒன்று வேண்டுமாம்."

அவர்கள் ஒவ்வொரு வருடமும் கோடை தொடங்கும்போது இப்படி ஒரு சனிக்கிழமை போவார்கள். வெல்பவருக்கு ஒரு நசுங்கிய அலுமினியக் கேத்தல். அதுதான் அவர்களுடைய வெற்றிக் கிண்ணம். ஐந்து வருடமாக அது அந்தப் பெண்மணியின் அலுமாரிக்கு மேல்தான் இருந்தது. பொறுப்பாளர் அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

"உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். "அடுத்த கிழமை அந்த வேலை பற்றியும் முடிவு சொல்வேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவருக்கு இரண்டும் வேறு வேறு விஷயம். எனக்கு அப்படி இல்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்தார்.

"கோல்ஃபோ? இஞ்சேருங்கோ, உது பணக்காரரின்ரை விளையாட்டெல்லோ?"

"அவர் கூப்பிட்டு நான் போகாமல் விடேலுமோ? அடுத்த கிழமை முடிவு சொல்லப்போறாராம்."

"அப்ப நல்லாய் உடுத்திக்கொண்டு போங்கோ. வெறுங்கையோடை போகாதேங்கோ."

அக்கா மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள்.

அன்றிரவே இந்தச் செய்தி எப்படியோ பியோர்ண்டாலில் இருந்த என் சிநேகிதருக்குப் போய்விட்டது. அவர் தொலைபேசி எடுத்து, "என்ன அண்ணை, கோல்ஃபாம்? இனி உங்களோடை கதைக்கிறதெண்டா முதலே நேரம் குறிக்கவேணுமோ?" என்று சிரித்தார். "சும்மா இரும் காணும்" என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை கலியாணத்துக்குப் போகும் கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். கையில் முப்பது மீன் ரோல்ஸ். பொறுப்பாளர் கிழிந்த மழைச்சட்டையோடு நின்றார். அந்தப் பெண்மணி பூங்கன்று நடப் போவது போல வந்திருந்தார். அது நகரத்தின் ஓரத்தில் இருந்த பொதுத்திடல். ஒன்பது குழி. யாரும் போகலாம். மட்டையை அங்கேயே வாடகைக்குத் தந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவனும் கிழவியும் தங்கள் நாயோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். பணக்காரரைத் தேடிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

எங்கள் நால்வரிலும் அந்த இடத்தின் முறை தெரியாதவன் நான் மட்டும்தான். அக்காவை வகுப்போடு ஒருமுறை அங்கே கூட்டிப் போயிருந்தார்கள். அவள் எனக்குச் சொல்லித் தந்தபடியே நடந்தாள்.

"அப்பா, பந்திலை படாட்டிலும் வீசினா அது ஒரு ஸ்லாக். ஒரு அடி. எண்ணவேணும்."

"படாட்டில் எப்பிடி அடி ஆகும்?"

"வீசினனீங்கள்தானே. எண்ணாட்டி யூக்ஸ்."

யூக்ஸ் என்று இங்கத்தைப் பிள்ளைகள் சொல்வது, ஊரில் நாங்கள் அளாப்பி என்று சொன்னது. விளையாட்டில் கள்ளத்தனம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய குற்றம் உலகத்தில் இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் பொறுப்பாளர் ஆளுக்கொரு அட்டையும் குட்டைப் பென்சிலும் தந்தார். தன் அடியைத் தானே எழுதக்கூடாதாம். ஒருவருடையதை மற்றவர் எழுதவேண்டும். பெண்மணி என்னுடையதை, பொறுப்பாளர் பெண்மணியுடையதை, நான் பொறுப்பாளருடையதை. "கடைசியில் எழுதினவர் கையெழுத்துப் போடவேண்டும்" என்றார். நடுவர் எங்கே என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். "நடுவர் இல்லை. நீதான் நடுவர்."

முதல் குழியில் நான் நான்கு தரம் காற்றை அடித்தேன். அக்கா பக்கத்தில் நின்று, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று சத்தமாக எண்ணினாள். பெண்மணிக்குப் புரிவதற்காக அதையே நோர்வேயிலும் எண்ணினாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல கணக்காளர் வைத்திருக்கிறாய்" என்றார் பொறுப்பாளர். அந்தக் குழிக்கு எனக்குப் பதினொன்று. என் சப்பாத்தின் குதி, குழியைச் சுற்றியிருந்த மெல்லிய புல்லில் குத்திக் குத்திப் பள்ளம் போட்டிருந்தது. பொறுப்பாளர் ஒன்றும் சொல்லாமல், வலிக்கிற முழங்காலை மடித்துக் குனிந்து, ஒரு சின்ன முள்ளுக்கரண்டி போன்ற சாமானால் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சரிப்படுத்தினார். "ஷெஃப், நான் செய்கிறேன்" என்று ஓடிப் போனேன். "எனக்கும் பெயர் இருக்கிறது" என்றார்.

அவர் அன்று நன்றாக ஆடினார். மூன்று குழி முடிய அவரும் பெண்மணியும் சமமாக நின்றார்கள். அவருடைய முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பொடியனின் சந்தோஷம். நான் அதைப் பார்த்தேன். திங்கட்கிழமையும் அந்த முகம் அப்படியே இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

நான்காம் குழியில் அவருடைய பந்து மணலுக்குள் விழுந்தது. ஆள் உயரப் பள்ளம், அதில் மணல். அடித்தார், வரவில்லை. மீண்டும் அடித்தார், பந்து கரையில் ஏறி உருண்டு திரும்பவும் அவருடைய காலடிக்கே வந்தது. மூன்றாம் தரம், நான்காம் தரம். ஐந்தாம் தரம்தான் மணலும் பந்தும் ஒன்றாக வெளியே பறந்தன. பிறகு இரண்டு தட்டில் குழிக்குள் போட்டார். முதலடியோடு எல்லாம் எட்டு. பெண்மணி தன் பந்தைத் தேடி மரங்களுக்குள் போயிருந்தார். அவர் இதைப் பார்க்கவில்லை.

நான் அட்டையோடு போய் நின்றேன். "எத்தனை, ஷெஃப்?"

முகம் சிவந்து போய் இருந்தார். "நீ பார்த்தாய்தானே. நீயே எழுது" என்று கையை வீசிவிட்டு நடந்தார்.

இந்த இடத்தை உங்களுக்குக் கவனமாகச் சொல்லவேண்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்தவன். எங்கள் மனேஜர் தன் வீட்டுக்குச் சீனி வாங்கும்போது, "நீயே பாத்து நிறுத்துத் தா" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். தராசு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அதைத் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். அடுத்த மாதமும் எனக்கு வேலை இருக்கும். பெரியவர்கள் வாயால் கேட்கமாட்டார்கள், நாங்கள்தான் விளங்கிக்கொள்ளவேண்டும். அதுதான் நான் படித்த படிப்பு. எட்டு என்று ஒரு பெரிய மனிதருக்கு நேரே எழுதுவது எனக்கு அவரைக் கன்னத்தில் அறைவது போல இருந்தது.

மரியாதைக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லி இதோடு நிறுத்திவிடலாம். அது பாதிதான். மற்றப் பாதி, எனக்கு அந்த வேலை வேண்டும்.

நான் ஐந்து என்று எழுதினேன்.

அக்கா என் முழங்கைக்குக் கீழே நின்று அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, எட்டு."

"ஸ்... பேசாமல் வா."

"எட்டு, அப்பா. நான் எண்ணினனான். மணலுக்குள்ளையே அஞ்சு. நீங்கள் மணலை மட்டும்தான் எழுதியிருக்கிறியள்."

"இது பெரிய ஆக்களின்ரை விஷயம். உனக்கு விளங்காது."

"அது யூக்ஸ்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்தேன். "இனி ஒரு வார்த்தை கதைச்சியோ, உன்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகமாட்டன். அப்பான்ரை வேலையைக் கெடுக்கப்போறியோ?"

பொறுப்பாளர் திரும்பிப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் குரல் விளங்கும். "என்ன சொல்கிறாள்?"

"பசிக்குதாம்" என்றேன்.

அவர் உடனே தன் பையைத் திறந்து, தாளில் சுற்றி வைத்திருந்த பாணில் பாதியை அவளிடம் கொடுத்தார். உள்ளே மண்ணிறச் சீஸ். அதன் இனிப்பு அக்காவுக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில்கூடத் தொடமாட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டும் விடாமல் சாப்பிட்டாள். கடைசிக் கடியை விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்ல பசி" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் குழிவரை அவள் எண்ணவில்லை.

ஆட்டம் முடிந்து ஒரு சின்ன மரக் கொட்டிலின் முன்னால் இருந்தோம். அங்கே கோப்பியும் வாஃபலும் விற்றார்கள். நான் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். பெண்மணி ஒன்றைக் கடித்துவிட்டு, "இதற்காகவே உனக்கு நிரந்தர வேலை கொடுக்கலாம்" என்றார். நான் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோப்பியை ஊதிக்கொண்டிருந்தார். பெண்மணிதான் அட்டைகளை வாங்கிக் கூட்டினார்.

"எனக்கு முப்பத்தெட்டு. புதிய ஆளுக்கு எழுபத்திரண்டு. வாழ்த்துக்கள், இது திடலின் சாதனை." பிறகு மூன்றாவது அட்டையைக் கூட்டினார். இரண்டாம் தரமும் கூட்டினார். "முப்பத்தேழு! என்ன இது? காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்தாயா?" என்று மேசையில் தட்டினார். "சரி, போகட்டும். திங்கட்கிழமை கேத்தலைக் கொண்டுவந்து தருகிறேன்."

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. "இங்கே தா" என்று அட்டையை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். நான்காவதில் விரல் நின்றது.

"இங்கே எனக்கு ஐந்தா?"

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு நோர்வேயில், "ஆம், ஐந்து."

"மணலில் இருந்து வரவே எனக்கு ஐந்து ஆனதே."

"நான் ஐந்துதான் எண்ணினேன், ஷெஃப்."

இன்றைக்கும் என்னால் விளங்கிக்கொள்ள முடியாதது இதுதான். அவர் எனக்கு ஒரு வாசல் திறந்து விட்டிருந்தார். பிழையாக எண்ணிவிட்டேன், முதல்முறை ஆடுகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சிரித்திருப்போம். எனக்கு அது தோன்றவில்லை. பெரியவருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்றுதான் தோன்றியது.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். சோதிக்கக் கேட்கவில்லை, சத்தியமாக. காலையில் அவள் சத்தமாக எண்ணியதை நினைத்து, சாதாரணமாகத்தான் கேட்டார். "நீதானே நல்ல கணக்காளர். எனக்கு எத்தனை?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாஃபலைப் பார்த்தேன்.

"ஐந்து" என்றாள் நோர்வேயில். காது இரண்டும் சிவந்துவிட்டன.

பெண்மணி ரோல்ஸை மேசையில் வைத்தார். பொறுப்பாளர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அப்படியென்றால் நான்தான் பிழையாக எண்ணியிருக்கிறேன். மணலுக்குள் நின்றால் எண்ணுவது கஷ்டம்." பிறகு குட்டைப் பென்சிலை எடுத்துத் தன் அட்டையின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். "ஆனால் எனக்கு முழங்கால் வலி, இந்த வருடம் நான் போட்டியில் இல்லை. கேத்தல் உன்னிடமே இருக்கட்டும்" என்றார் பெண்மணியிடம். அக்காவின் தட்டில் தன்னுடைய வாஃபலையும் எடுத்து வைத்தார்.

என்னை அவர் பார்க்கவில்லை. என் பிள்ளையின் பொய்யை அவர் கையால் மூடிவிட்டார். அதைச் செய்யவேண்டியவன் நான். செய்யவேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவனும் நான்.

பேருந்தில் திரும்பி வரும்போது அக்கா யன்னல் பக்கம் இருந்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தரிப்பிடம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நான் சொன்னது சரியோ?"

"என்னது?"

"அஞ்சு எண்டு. நான் வடிவாய்ச் சொன்னனானோ? உங்களுக்கு இப்ப வேலை தருவினமோ?"

என்னை நோகடிக்க அவள் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் அவளுடைய தலையைத் தடவி, "ஓம் குஞ்சு, நல்லாய்ச் சொன்னனீ" என்றேன்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் கதவு சாத்துகிற மனிதர் இல்லை.

"அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுக்கிறேன்" என்றார். "அதை உனக்குத்தான் தர இருந்தேன். அதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும்."

நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

"விளையாட்டுக்காகக் கோபம் இல்லை. எட்டோ ஐந்தோ, போகட்டும். ஆனால் நான் கேட்டால் எனக்குப் பிடித்த எண்ணைத்தான் நீ சொல்வாய் என்று இப்போது எனக்குத் தெரியும். மருத்துவமனையில் இருந்து கேட்கும்போது, றாக்கையில் இல்லாத ஊசியை நான் இருக்கிறது என்று சொல்ல முடியாது."

"எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"அது இருக்கலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன் மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அறையை விட்டு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது.

அன்று மாலை அம்மா வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னவர்?"

"இல்லையாம்" என்றேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "வெள்ளையள் தங்கடை ஆளுக்குத்தான் குடுப்பாங்கள்" என்றேன். யோசித்துச் சொன்ன சொல் இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அம்மா, "அவன் நாசமாய்ப் போக" என்று திட்டத் தொடங்கினார். திட்டக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. மேசையில் அக்கா இருந்தாள். எழுந்து அறைக்குள் போனாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் கடைத்தொகுதியில் அம்மாவும் நானும் பொறுப்பாளரைக் கண்டோம். அவர் தூரத்திலேயே கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். அம்மா அவருடைய முகத்துக்கு நேரே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனிதர் உயர்த்திய கையை மெல்ல இறக்கித் தன் வண்டிலில் வைத்தார். நான் வெங்காயம் தெரிவு செய்துகொண்டிருந்தேன். அடுத்த வருடம் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது, பொதி கட்டும் பகுதியில். கொடுத்தவரும் அவர்தான். அந்தக் கோடையிலும் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். முதுகு வலி என்று சொன்னேன். எனக்கு முதுகு வலி இருக்கவில்லை.

ஆறு வருடம் போனது. தம்பி, இதில் நீயும் இருக்கிறாய், உனக்கு நினைவிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது, நீ எடுத்தாய். என்னை ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிட இருந்த ஒருவர். நான் சோபாவில் இருந்தபடி கையைக் காட்டி, "அப்பா வீட்டிலை இல்லை எண்டு சொல்லு" என்றேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நீ வாயைத் திறக்குமுன் அக்கா வந்து உன் கையில் இருந்து தொலைபேசியை வாங்கினாள். "இருக்கிறார். குடுக்கிறன், கதையுங்கோ" என்று என்னிடம் நீட்டினாள். பிறகு உன்னையும் சின்னவளையும் கீழே விளையாட அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் கதைத்து முடிக்கும்வரை அவள் நின்றாள். பதினாறு வயது. என்னைவிட உயரம்.

"அவனைக் கொண்டு சொல்லுவிக்காதேங்கோ அப்பா."

"சின்ன விஷயம் பிள்ளை. இதுக்குப் போய்..."

"அண்டைக்கு நான் வடிவாய்ச் சொல்லாதபடியால்தானே உங்களுக்கு வேலை போனது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கோல்ஃபிலை. எனக்குக் காது சிவந்திட்டுது. எனக்குத் தெரியும், சுட்டுது. அதைப் பாத்துத்தான் அவர் கண்டுபிடிச்சவர். நீங்கள் வெள்ளையள் எண்டு சொன்னது என்னை அம்மாட்டைப் பேச்சு வாங்காமல் காப்பாத்தத்தான் எண்டு நினைச்சனான்."

ஆறு வருடமாக அவள் அப்படி நினைத்திருக்கிறாள். நான் காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்த அந்த மிச்ச ஒரு வருடம் முழுவதும், அது தன் காதால் வந்தது என்று பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். என் பொய்யை, தன்னைக் காப்பாற்ற அப்பா சொன்ன பொய் என்று நல்ல பெயர் வைத்துப் பாதுகாத்திருக்கிறாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கக்கடையைச் சொன்னேன். பாதி மரியாதை, பாதி வேலை ஆசை என்று சொன்னேன். பொறுப்பாளர் அறையில் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். "உன்ரை காதாலை இல்லை பிள்ளை. நீ எட்டு எண்டு சொல்லியிருந்தாலும் அந்த வேலை எனக்கு வந்திராது. நான் எழுதின உடனை அது போயிட்டுது."

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்றாள்.

"இல்லை."

"சொல்லுங்கோ."

"பிறகு, ஆறுதலாய்..."

"இப்ப."

அம்மா குசினியில் கோழி கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவர் குழாயைப் பூட்டிவிட்டார். அம்மா ஈரக் கையோடு திரும்பினார். கடைத்தொகுதியில் முகத்தைத் திருப்பியதுதான் அவருக்கு முதலில் நினைவு வந்தது.

"நான் அந்த மனிசனை எத்தினை வருஷமாத் திட்டினனான். முகத்தைத் திருப்பினனான். நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். இனி அவரைக் கண்டா நான் என்ன சொல்லுறது?"

காண முடியாது. அவர் அதற்கு முந்திய வருடமே ஓய்வு பெற்று, வடக்கில் எங்கோ தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பெண்மணியிடம் விலாசம் வாங்கி ஒரு கடிதம் எழுதினேன். அக்கா எழுத்துப்பிழை பார்த்துத் தந்தாள். பதில் வரவில்லை. அது அவருக்குக் கிடைத்ததோ தெரியாது.

அம்மா அன்று இன்னொன்றும் கேட்டார். "அப்ப பிள்ளை பொய் சொல்லேக்கை நீங்கள் எங்கை பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றாள்.

"வாஃபலைப் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றேன்.